அந்த இரண்டு அத்தைகள்

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' உங்கள் வீட்டில் இருக்கிறதா? ரா.கிருஷ்ணையா மொழிபெயர்ப்பு. சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி, சல்லிசான விலைக்கு வந்த புத்தகம். உங்களிடம் இல்லாவிட்டாலும், தொழிற்சங்கத்தில் இருந்த பெரியப்பா யாராவது வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நெஹ்லூதவ் ஒரு பிரபு. கோர்ட்டில் ஜூரியாக உட்கார்ந்திருக்கிறான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கிற விலைமாது யாரென்று பார்த்தால், காத்யூஷா. தன் அத்தைகள் வீட்டில் வளர்ந்த பெண். வாலிபத்தில் அவளைக் கெடுத்து, கையில் நூறு ரூபிளைத் திணித்துவிட்டுப் போனவன் இவன்தான். ஜூரிகள் தீர்ப்பில் ஒரு வரியை எழுத மறந்ததில் அவளுக்கு நான்கு வருஷம் கடின உழைப்புத் தண்டனை. 'உன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன்' என்று அவள் பின்னாலேயே சைபீரியா போகிறான்.

கல்லூரி நாளில் படித்தபோது நெஹ்லூதவ் எனக்கு ஹீரோ. சொத்தை உதறுகிறான், செய்த தப்புக்குப் பரிகாரம் தேடுகிறான், வேறென்ன வேண்டும்? முப்பத்தைந்து வயதில் படித்தபோது அதே ஆள்மேல் எரிச்சல் வந்தது. எப்போது பார்த்தாலும் தன் ஆத்மாவைப் பற்றியே கவலை. அன்று உடம்புக்காக என்னைப் பயன்படுத்தினாய், இன்று மோட்சத்துக்காகவா என்று காத்யூஷாவே சிறையில் அவனிடம் சீறுகிறாள். அந்த இடத்தில் எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது.

டால்ஸ்டாய்க்கே இந்த மனமாற்றம் நடந்திருக்கிறது. 1887-ல் கோனி என்ற வக்கீல் நண்பர் சொன்ன நிஜச் சம்பவம் இது. முதல் பிரதியில் இருவருக்கும் கல்யாணமே செய்துவைத்தார். கதை நகரவில்லை. 1895-ல், அவனிடமிருந்தல்ல, அவளிடமிருந்து தொடங்க வேண்டும் என்று டைரியில் எழுதிக்கொண்டார். 1899-ல் புத்தகம் வந்தபோது காத்யூஷா அவனை மறுத்துவிட்டு, வேறொருவனோடு போகிறாள்.

மூன்றாம் முறை படித்தது கிளாவரையில். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் என்று போய் பஸ் ரோடு முடிகிற ஊர். அதற்கப்புறம் காடு, காட்டுக்கப்புறம் கேரளா. ஒரு பூண்டு விவசாயி வீட்டில் தங்கியிருந்தேன். விதைப் பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புப் புகை படுகிற மாதிரி மேலே தொங்கவிட்டிருந்தார்கள். (இந்த மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) குளிருக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவனிடம் வீட்டுக்கார அம்மா, "அப்படி என்ன தம்பி கதை?" என்றார். சொன்னேன்.

கர்ப்பிணியாகக் காத்யூஷா ராத்திரி மழையில் ஸ்டேஷனுக்கு ஓடுகிற இடம். முதல் வகுப்புப் பெட்டி, உள்ளே வெளிச்சம், நெஹ்லூதவ் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலைத் தட்டுகிறாள். ரயில் கிளம்பிவிடுகிறது. அந்த அம்மா உச்சுக் கொட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பூண்டு உரித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அவன் போறான், ஆம்பள. வளத்த பொம்பளைங்க ரெண்டு பேரு இருந்தாங்கன்னியே, அவங்க என்ன தம்பி செஞ்சாங்க?"

புரட்டிப் பார்த்தேன். அனாதைக் குழந்தையை எடுத்து வளர்த்த நல்ல மனுஷிகள்தான். ஒருத்திக்கு அவளைப் பெண்ணாக வளர்க்க ஆசை, இன்னொருத்திக்கு வேலைக்காரியாக. அதனால் பேரே நடுவாந்திரமாக அமைந்தது. வேலைக்காரிக்கான காத்காவும் இல்லை, செல்ல மகளுக்கான காத்யென்காவும் இல்லை, காத்யூஷா. படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், அறையைப் பெருக்கவும் விட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு அவள் எரிந்து விழுந்து கணக்கை முடிக்கச் சொன்னபோது, அதிருப்தியோடு அனுப்பிவிட்டார்கள். இது மொத்தமும் சில வரிகள்தான். முதல் இரண்டு தடவையும் அவை என் கண்ணில் நிற்கவேயில்லை.

நம் வீடுகளில் 'வீட்டோட வளர்ற பொண்ணு' என்பார்களே, ஞாபகம் வருகிறதா? 'எங்க பொண்ணு மாதிரி' என்றுதான் வந்தவர்களிடம் சொல்வார்கள். பழைய பாவாடை தீபாவளிக்குக் கிடைக்கும். சாப்பாடு எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு. அந்த 'மாதிரி' என்ற சொல் எவ்வளவு நாள் தாங்கும் என்பது அவளுக்கு ஒரு கஷ்டம் வருகிற அன்றைக்குத்தான் தெரியும். நெஹ்லூதவ்கள் லீவுக்கு வந்து போகிறவர்கள். அத்தைகள் கூடவே இருந்தவர்கள்.

இப்போது எனக்கு நெஹ்லூதவ்மேல் பழைய கோபம்கூட இல்லை. அவனாவது சைபீரியா வரை போனான்.

"அப்புறம் அந்தப் பொம்பளைங்க என்ன ஆனாங்க?" என்று அந்த அம்மா விடவில்லை. செத்துப்போனார்கள் என்றேன்.

"வீடு, நெலம் எல்லாம்?"

நெஹ்லூதவுக்குத்தான் போனது.