பாட்டிலில் விழுந்த கோடு

கார் இருமிக்கொண்டிருந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜின் சீராக ஓடினால் தையல் மிஷின் சத்தம் கேட்கும். இது நாலு தையல் போட்டு ஒரு தையலை விட்டது. விட்ட இடத்தில் வண்டி முழுக்க ஓர் உதறல். டாஷ்போர்டு மேல் வண்டிக்காரரான டாக்டர் கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடி உதறலுக்கு உதறல் நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது.

ராயப்பேட்டையில், ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. டிசம்பர் முதல் வாரம், மழை விட்ட காலை. மெக்கானிக் பாய் ஐந்து நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். கையில் ஸ்பேனர் எடுக்கவில்லை. பிறகு பழைய பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து சைலன்ஸர் வாய்க்கு நேரே பிடித்தார். தாள் வெளிப்பக்கமாகப் படபடத்தது, நடுநடுவே துவண்டு தொங்கியது, மறுபடி படபடத்தது.

"தாளை உள்ள இழுத்தா வால்வு எரிஞ்சிருக்குனு அர்த்தம். இழுக்கல. வால்வுல கோளாறு இல்ல சார்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருந்தார். பிளக் புதுசு, பாயிண்ட் புதுசு, கண்டென்சர் புதுசு, காயில் புதுசு, வயர் செட் புதுசு. மொத்தம் 18,000 ரூபாய். மிஸ்ஸிங் மட்டும் பழையபடியே இருந்தது.

கார் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், மூன்றாம் மாடல். 1967 முதல் 1970 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் செய்தது. 1296 சி.சி., இரண்டு எஸ்.யூ. கார்பரேட்டர், இரண்டே சீட். குன்னூரில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டில் கிடந்ததை டாக்டர் வாங்கிச் சரிசெய்தார். சென்னை மெக்கானிக்குக் கொடுக்கிற வண்டியா இது என்று கேட்கலாம். ஆனால் ஸ்பிட்ஃபயரின் அடிப்படை ஹெரால்டு. ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டைச் சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரித்தது. பாய் 1970-ல், 13 வயதில், எடுபிடியாகச் சேர்ந்தது ஹெரால்டு பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில்தான். "இது அதோட தம்பி சார். வயித்துக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்."

பானெட்டைத் திறந்ததும் அந்த உறவு எனக்கும் புரிந்தது. இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டுமாக முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாய்கிறது. இன்ஜின் வெட்டவெளியில் நிற்கிறது. பாய் முன் டயர் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, திண்ணையில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டார். ஐம்பது வருடமாக உட்கார்ந்த இடம் என்பது அந்தச் சாக்கு மடிப்பிலேயே தெரிந்தது.

அடுத்த முக்கால் மணி நேரம் அவர் செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வரிசைதான் தொழில். முதலில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எதைக் கழற்றினாலும் இன்ஜின் வேகம் இறங்கியது. செத்த சிலிண்டராக இருந்தால் கழற்றினாலும் வித்தியாசம் தெரியாது. "நாலும் வேலை செய்யுது. நாலும் தப்பும் பண்ணுது. அப்போ கோளாறு நாலுக்கும் பொதுவான எடத்துல இருக்கு." பொதுவான இடம் இரண்டுதான்: நெருப்பு, இல்லையென்றால் பெட்ரோல். டைமிங் லைட்டை மாட்டினார். இன்ஜின் தடுக்கிய நேரத்திலும் லைட் ஒரு வெட்டு தப்பாமல் மின்னியது. நெருப்பு கழிந்தது.

பிறகு சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார். சட்டென்று இருமல் பாதியாகக் குறைந்தது. அவர் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். நாடி பிடித்த வைத்தியர் முகம் அது. சோக் இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். கூடுதலாகப் போய் நிம்மதியாக ஓடுகிறதென்றால் வண்டி இத்தனை நாளும் பசியோடு ஓடியிருக்கிறது. காற்று எங்காவது கள்ளத்தனமாக உள்ளே நுழைந்தாலும் இதே பசி வரும் என்பதால், மேனிஃபோல்ட் இணைப்புகளில் ஆயில் கேனால் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். காற்று ஓட்டை இருந்தால் எண்ணெய் அதை ஒரு கணம் அடைக்கும், சத்தம் மாறும். மாறவில்லை.

"தம்பி, ஹார்லிக்ஸ் பாட்டில் எட்றா."

முன் கார்பரேட்டரின் ஃப்ளோட் சேம்பர் மூடியில் மூன்று ஸ்குரூ. கழற்றி, ஊசி போடும் சிரிஞ்சில் அடிமட்டத்திலிருந்து உறிஞ்சி பாட்டிலில் விட்டார். அலம்பி அடங்கட்டும் என்று பானெட் விளிம்பில் வைத்தார். நாங்கள் நான்கு பேரும், டாக்டர், நான், பாய், பதினேழு வயதுப் பையன், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே தெளிந்த வெளிர் மஞ்சள். கீழே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கல். நடுவில், ரூல் போட்டு இழுத்தாற்போல ஒரு கோடு. பையன் பாட்டிலைச் சாய்த்தான். பாட்டில்தான் சாய்ந்தது, கோடு சாயவில்லை.

எஸ்.யூ. கார்பரேட்டர் இந்த விஷயத்தில் பொல்லாதது. ஃப்ளோட் சேம்பரின் அடியிலிருந்தே ஒரு சின்னக் குழாய் ஜெட்டுக்குப் போகிறது. அதனால் அடியில் தங்கும் கலங்கல்தான் முதலில் இன்ஜினுக்குப் போகும்.

ஆனால் பாய் அதோடு நிறுத்தவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கணக்கு வேண்டும் என்றார். இதுதான் நான் அன்று கற்றுக்கொண்ட பெரிய பாடம். இப்போது பங்கில் நாம் போடுவது தனி பெட்ரோல் இல்லை. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். 2022-ல் பத்து சதவீதத்தைத் தொட்டார்கள், 2023 பிப்ரவரியில் இருபது சதவீதப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் தனக்குள் கரைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. ஓர் அளவைத் தாண்டிவிட்டால் எத்தனாலே பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு கைகோத்துக் கீழே இறங்கிவிடும். மேலே மிச்சமிருக்கும் பெட்ரோலும் ஆக்டேன் குறைந்து போகும்.

பாயிடம் பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடையில் வாங்கிய கண்ணாடி அளவுக் குழாய் ஒன்று உண்டு. பையனை அனுப்பி வேறொரு பங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வாங்கிவரச் சொன்னார். 20 மில்லி தண்ணீர், மேலே 100 மில்லி பெட்ரோல், வாயை மூடி நன்றாகக் குலுக்கல். அடங்கியதும் அடி மட்டம் ஏறக்குறைய 40-ல் நின்றது. பெட்ரோலில் இருந்த எத்தனால் முழுக்கத் தண்ணீரிடம் இறங்கிவிட்டது. அடுத்து, டாக்டரின் டேங்கில் மேலாக எடுத்த பெட்ரோல். அதே தண்ணீர், அதே குலுக்கல். மட்டம் 32-ல் நின்றுவிட்டது. அதாவது நூற்றுக்கு எட்டு பங்கு எத்தனால் ஏற்கெனவே பிரிந்து டேங்கின் அடிக்குப் போயிருக்கிறது.

டேங்க் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. குன்னூரில் யாரோ அடி தட்டி ஒட்டியது. உறிஞ்சுகுழாயின் வாயைச் சற்று உயரத்தில் வைத்திருந்தார்கள். வண்டி இத்தனை நாள் ஓடியதே அதனால்தான். வளைவில் திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் அடிக்கலங்கல் எழும்பி வாய்க்குள் போயிருக்கிறது. மொத்தம் 18 லிட்டர் இறக்கினார்கள். கலங்கல் மட்டும் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் எத்தனால் ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால், மீதி அரை லிட்டருக்கு மேல் தண்ணீர்.

"மாசக்கணக்கா நிறுத்தி வச்சா காத்து ஈரம் டேங்குக்குள்ள வேர்க்கும், ஒத்துக்கறேன். அது ஸ்பூன் கணக்கு. அரை லிட்டர் காத்துல வராது சார். எங்க போட்டீங்க?"

நவம்பர் கடைசி மழையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்கில் 15 லிட்டர் போட்டதாக டாக்டர் நினைவுகூர்ந்தார். தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் மூடி வழியே மழைநீர் இறங்கினால் பங்க்காரருக்கே தெரியாமலும் போகலாம் என்றார் பாய். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்த காலத்தைப் பற்றிப் பேசியபோதுதான் அவர் குரல் கனத்தது. அப்போது மூக்கே போதும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டால் பெட்ரோல் பறந்துவிடும், பிசுக்கு ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய். சாவியைத் திருப்பி ஆஃப் செய்த பிறகும் இன்ஜின் டக்டக்கென்று தானாக ஓடும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் போட்டார்கள், கலப்படம் நின்றபாடில்லை. 2005 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில், கலப்படப் பங்கைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் 27 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். "அந்தப் புள்ளைய நான் மறக்கவே மாட்டேன்," என்றார் பாய். நானும் மறக்கவில்லை. நாம் டேங்கில் ஊற்றுவது சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் உயிர் போயிருக்கிறது.

மதியத்துக்குள் டேங்க் கழுவிக் காய்ந்தது. எத்தனாலில் ஊறிப் பிசுபிசுத்த ரப்பர் குழாய்களை மாற்றினார்கள். இரண்டு ஃப்ளோட் சேம்பரும் சுத்தமாயின. புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர்.

பில்லைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. ரப்பர் குழாய், கேஸ்கட், டேங்க் கழுவிய கூலி. காலை முழுக்க அவர் கேட்டதற்கும், கழித்ததற்கும், அளந்ததற்கும் அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. முன்பு பார்த்தவர்கள் மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் பணம் வாங்கினார்கள். இவர் மாற்றத் தேவையில்லாததை எல்லாம் கண்டுபிடித்தார், அதற்குப் பணம் இல்லை. ஏன் பாய் என்று கேட்டேன். "பார்த்ததுக்கு எப்படிங்க காசு போடுறது? டாக்டருக்குப் போடலாம். எங்களுக்கு யாரு குடுப்பா?" டாக்டர் பதில் பேசவில்லை. பர்ஸைத் திறந்து, பில்லில் இருந்ததற்கு மேல் மூன்று மடங்கு எண்ணிப் பையனின் சட்டைப் பையில் வைத்தார். பாய் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பையன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு பாய் அவனைச் சைலன்ஸர் பக்கம் தள்ளினார். பேப்பர்த் துண்டு இப்போது அவன் கையில். டாக்டர் ஸ்டார்ட் செய்தார். தாள் ஒரே சீராக விறைத்து நடுங்கியது. "இன்னும் பிடி," என்றார் பாய், "நூறு எண்ணு." அவன் முப்பத்தேழில் நிறுத்திவிட்டு, "பாய், இங்க ஒண்ணு தப்புச்சு," என்றான். எனக்குக் கேட்கவே இல்லை. பாய் சாக்கை எடுத்து மறுபடி டயர் மேல் விரித்தார்.