கூலி கருணையன்று, கடன்

உழைப்பவருக்குக் கொடுக்கும் கூலியைத் தம் தாராள மனத்தின் அடையாளமாகக் கருதும் முதலாளிகள் உண்டு. இஸ்லாமியப் பொருளியல் அக்கருத்தை ஏற்பதில்லை. கூலி என்பது கருணையன்று. தீர்க்கப்பட வேண்டிய கடன் என்பதே அதன் கொள்கை.

ஆகவேதான், தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் பணித்தார். வேலையை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவருக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்றும் எச்சரித்தார். இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி என்பதை இரு தரப்பாரும் முன்னரே அறிந்திருக்க வேண்டும் என்பது 'இஜாரா' எனும் ஒப்பந்தத்தின் விதி.

புகாரியின் நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி காணப்படுகிறது. குகை வாயிலைப் பாறை அடைத்துக்கொள்ள, மூவர் உள்ளே சிக்கினர். ஒவ்வொருவரும் தாம் செய்த நற்செயலைக் கூறி இறைவனை வேண்டினர். அவர்களுள் ஒருவரிடம் வேலை செய்த தொழிலாளி, கூலியான தானியத்தைப் பெறாமலே போய்விட்டார். முதலாளி அதனை விதைத்துப் பெருக்கினார். அதன் பயனாக மாடுகள் சேர்ந்தன. நெடுநாள் கழித்துத் தொழிலாளி வந்து கேட்டபோது, "இவை அனைத்தும் உம்முடையவை" என்று கொடுத்துவிட்டார். பாறையும் விலகியது. கொடுபடாத கூலி யார் கையில் இருப்பினும், அது உழைத்தவரின் உடைமையே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநீதி என்பதும் நபிமொழியே. சம்பள நாளைத் தள்ளிப்போடும் முதலாளி, தம் தொழிலாளியிடமே அவரது சம்மதமின்றிக் கடன் வாங்குகிறார். அக்கடனுக்காக மளிகைக் கடையிலும் அடகுக் கடையிலும் தலைகுனிந்து நிற்பது தொழிலாளியின் குடும்பமன்றோ?

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்கிறது. 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025இல் 1,700 ரிங்கிட்டாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் சட்டம் வகுப்பது கீழெல்லையை மட்டுமே. பணியாளர் உம் சகோதரர். நீர் உண்பதையே அவருக்கும் உண்ணக் கொடுப்பீராக. தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றாதீர் என்னும் நபிகளாரின் அறிவுரை அதற்கும் மேலே செல்கிறது.

ஏற்ற வேலையை நேர்மையாக முடிப்பது தொழிலாளியின் கடமை. அவர் அதனைச் செய்துவிட்ட கணமே முதலாளி கடனாளியாகிறார். கடனைத் தீர்த்தபின் தருமம் செய்யட்டும். அதற்கு முன் செய்யும் தருமம் பிறர் பொருளைக் கொண்டு செய்வதேயாகும்.