காவிரிக்கு எதிர்த்திசையில்... தஞ்சாவூரிலிருந்து 'புது ஊரு'க்கு ஒரு பஸ் பயணம்

கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய. 'ஊரு' என்றால் ஊர்தான். இரண்டும் சேர்ந்து ஹொசூரு ஆகி, தமிழில் ஓசூர் ஆனது. பெயரிலேயே 'புது ஊர்' என்று எழுதி வைத்திருக்கும் இந்த நகரம், காவிரி டெல்டாவின் பிள்ளைகள் பலருக்கு உண்மையிலேயே புது ஊர்தான்.

தஞ்சாவூர், பாபநாசம், மன்னார்குடி பக்கங்களில் ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் வேலைக்காக ஓசூருக்கும், அதைத் தாண்டி பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். பெரும்பாலும் இரவுப் பயணம்தான். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினால், விடியற்காலைக் குளிரில் இறங்க வேண்டியதுதான். இடையில் என்னென்ன ஊர்கள் வந்தன என்பது பலருக்குத் தெரியாது.

இதே வழியில் ஒரு முறை பகலில் போனால் ஒரு விஷயம் புரியும். இந்தப் பஸ் காவிரி வந்த திசைக்கு எதிராகவே ஏறிக்கொண்டிருக்கிறது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். ஓசூரோ 900 மீட்டரை நெருங்குகிறது. சுமார் 350 கிலோமீட்டர் தூரம். 8 முதல் 9 மணி நேரம்.

வல்லத்தில் மாறும் மண்

தஞ்சாவூர் என்றால் எங்கும் பச்சை வயல் என்ற நினைப்பு, திருச்சி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரிலேயே மாறிவிடும். வல்லம் வந்ததும் மண் சிவக்கிறது. காவிரிப் பாசனம் எட்டாமல் கிடந்த இதுபோன்ற மேட்டு நிலங்களில் ஒரு பகுதிக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் மேட்டூர் அணையோடு சேர்த்துக் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டது. 1934-இல் தண்ணீர் வந்தது. பெரிய கோயிலை ஒட்டி ஓடும் அந்தக் கால்வாய்க்குத் தஞ்சாவூர்க்காரர்கள் வைத்த பெயர் 'புது ஆறு'. தொண்ணூறு வருடங்கள் கடந்தும் அது புது ஆறுதான்!

வாழைக்குப் பின்னால் ஆறு

திருச்சியில் காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி நாமக்கல் சாலையில் திரும்பினால், இடப்பக்க ஜன்னல் சீட்டுக்குக் கிராக்கி. குணசீலம், முசிறி, தொட்டியம் என்று ஆற்றின் வடகரையிலேயே பஸ் போகிறது. ஆறு சில இடங்களில்தான் கண்ணில் படும். மற்ற இடங்களில் வாழைத் தோப்பும் தென்னையும் மறைத்துக்கொள்ளும். இடையிடையே கோரை வயல்கள். முசிறிப் பக்கத்துக் கோரைப்பாய் இங்கிருந்துதான் வருகிறது.

முக்கொம்புக்குக் கீழே காவிரி, கொள்ளிடம் என்று பிரிந்து, பிறகு வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கை கையாகப் போகும் ஆற்றைத்தான் டெல்டாக்காரர்கள் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே அது பிரியாமல், அகன்ற ஒரே ஆறு.

தொட்டியம் தாண்டியதும் சாலை ஆற்றை விட்டு விலகுகிறது. ஒரே பாறையின் மேல் கோட்டையைச் சுமந்து நிற்கும் நாமக்கல் வருகிறது. கோழிப் பண்ணைகளும் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுமாக, வயலை நம்பாமல் வளர்ந்த ஊர். வலப்பக்கம் கொல்லிமலை, சேலத்தில் சேர்வராயன் மலை. டெல்டாவில் மலையையே பார்க்காமல் வளர்ந்த குழந்தைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

தொப்பூர் ஏற்றம்

சேலத்துக்கு அப்பால்தான் உண்மையான ஏற்றம். தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்து ஏறுகின்றன. எதிர்ப்பக்கம் இறங்கும் வண்டிகளுக்கு இது அடிக்கடி விபத்து நடக்கும் இடம். டிரைவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பகுதி என்றே சொல்லலாம்.

தொப்பூரில் இடப்பக்கம் ஒரு சாலை மேட்டூருக்குப் பிரிகிறது. தருமபுரியில் இன்னொரு சாலை ஒகேனக்கலுக்குப் பிரிகிறது. ஆறு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மேற்கே கூடவே வருகிறது என்பதை இந்த வழிகாட்டிப் பலகைகள் நினைவூட்டும்.

பிறகு நிலத்தின் முகமே வேறு. பாறைக் குன்றுகள், புளிய மரங்கள், மாந்தோப்புகள், மழையை நம்பி விளையும் கேழ்வரகு. கிருஷ்ணகிரி தாண்டினால் காற்றில் குளிர்ச்சி கூடும். அடுத்து, ரோஜாத் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஓசூர்.

ஏன் இங்கே?

அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980-களில் இருந்து ஓசூர் வளர்ந்தது. 2019-இல் மாநகராட்சி ஆனது. இப்போது மின்சார ஸ்கூட்டர், செல்போன் பாகங்கள் என்று சுற்றுவட்டாரமே தொழிற்பேட்டையாகிவிட்டது. பஸ் நிலையத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கும்.

டெல்டாவின் வயல் வேலைக்கோ ஒரு தேதி உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை. அந்தத் தேதிதான் நிலையாக இருப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாதம் பிறந்தால் கையில் வந்து நிற்கும் சம்பளம் ஏன் இழுக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நிலத்தை விற்காமல், அப்பா வயலையும் பிள்ளை ஷிப்ட் வேலையையும் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் டெல்டாவில் நிறைய.

குழாயில் வரும் காவிரி

ஓசூர் பக்கத்தில் ஓடுவது தென்பெண்ணை. அது கடலூர் போய்ச் சேரும் வேறு ஆறு. ஆனால் குடிநீர்க் குழாயில் காவிரி வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதனால் கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஓசூரும் அதில் அடக்கம்.

டெல்டா வீடுகளில் செய்தி நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் பெயர் ஒன்று உண்டு: பிலிகுண்டுலு. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது தண்ணீரை அளக்கும் இடம். அது இருப்பது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். வயலுக்குத் தண்ணீர் வருமா என்று அப்பா தஞ்சாவூரில் காத்திருக்க, அந்த ஆறு மேட்டூரைத் தொடுவதற்கு முன்பே பிள்ளையின் குடத்தில் நிரம்பிவிடுகிறது. புது ஊரில் முகம் தெரியாத கூட்டத்துக்கு நடுவே, ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது இருக்கிறது.

போகிறவர்களுக்கு

பெங்களூரு செல்லும் பஸ்கள் ஓசூர் வழியாகவே போகின்றன. திருச்சி, சேலம் என்று மாறி மாறியும் போகலாம். விடியற்காலையில் கிளம்பினால் பகல் வெளிச்சத்திலேயே மலைப்பாதையைப் பார்த்துவிடலாம். மார்கழி, தை மாதங்களில் ஸ்வெட்டர் அவசியம். பொங்கல், தீபாவளிக்கு முன்பதிவு செய்யாமல் கிளம்பினால் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகும். ஓசூரில் காலையில் பஸ் ஏறும் பிள்ளை அன்றைக்கே இரவுச் சாப்பாட்டுக்குத் தஞ்சாவூர் வந்துவிடலாம்.