ஸ்டுடியோவுக்கு முதல் செலவு

டியூஷன் எடுத்துச் சேர்த்த 6,000 ரூபாயில் ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். தங்கச்சி பாடினாள். போட்டுக் கேட்டால் ஃபேன் இரைச்சல், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், கூடவே நாலு சுவரும் திருப்பிப் பாடுது! இன்னும் நல்ல மைக் வாங்கலாம்னு செமஸ்டர் ஃபீஸ் பணத்தில் கைவைக்கப் போனேன்.

அம்மா கேட்டுட்டு, "குடிவந்த அன்னிக்கு வீடு காலியா இருந்தப்பவும் இப்படித்தான்டா எதிரொலிச்சுது" என்றார்.

அட! குற்றவாளி மைக் இல்லை, அறை.

ராத்திரி பதினோரு மணி. ஃபேனை நிறுத்தி, தங்கச்சிக்குப் பின்னால் இரண்டு கனத்த போர்வைகளைக் கட்டினோம். 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கிற ஆடாசிட்டியில் பதிவு. 'தும் தும்' பாஸைப் போர்வை அடக்காதுதான். ஆனா குரல் பளிச்சுன்னு வந்தது. கூடுதல் செலவு 0.

பி.காம் மாணவன் சொல்றேன் மக்களே, பட்ஜெட்டின் முதல் வரியில் மைக்கை எழுதாதீங்க. அறையை எழுதுங்க.