பட்டியலில் இல்லாத மெஷின்

அக்கா மகன் சிதம்பரத்தில் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தான். லால்பேட்டை வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் கவுளிக் கணக்கு எழுத ஒரு செயலி, அதுதான் அவனுடைய ப்ராஜெக்ட். லேப்டாப் ரொம்ப மெதுவு என்றான். "என் கம்ப்யூட்டரில் உனக்கென்று ஒரு மெஷின் போட்டுத் தருகிறேன்" என்று நான்தான் வலியச் சொன்னேன்.

மாடி அறையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ். 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே கேவிஎம் இருப்பதால், ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளைச் செலவில்லாமல் ஓட்டலாம். பைத்தானிலிருந்து அவற்றை உருவாக்கவும் கிளப்பவும் லிப்வர்ட் என்ற நிரலகம் இருக்கிறது. ரேம் எவ்வளவு, சிபியு எத்தனை, டிஸ்க் கோப்பு எங்கே என்று ஒரு எக்ஸ்எம்எல் குறிப்பு எழுதிக் கொடுத்தால் போதும். முறையான வழி, டிஃபைன்எக்ஸ்எம்எல் கொண்டு குறிப்பைப் பதிந்துவிட்டு, கிரியேட் கொடுத்துக் கிளப்புவது. கிரியேட்எக்ஸ்எம்எல் கொடுத்தால் ஒரே வரியில் மெஷின் எழுந்துவிடும், ஆனால் எங்கும் பதிவாகாது. மெஷின் நின்றால் லிப்வர்ட் அதை மறந்துவிடும். எனக்கு ஒரு வரி மிச்சமானதே பெரிதாகத் தெரிந்தது.

பையன் வாராவாரம் வந்து உட்கார்ந்தான். கொடிக்கால் கொடிக்காலாகப் போய், அவர்களுடைய பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் தட்டச்சு செய்தான். சில நோட்டுகளில் எழுத்து மழையில் கரைந்திருந்ததால், உரியவரிடமே திரும்பப் போய்க் கேட்டு வந்தான்.

ஐப்பசி மழை. வீராணம் ஏரி நிறைந்து வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீரைத் திறந்திருந்தார்கள். ராத்திரி கரண்ட் போயிற்று, யுபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. காலையில் கணினியைப் போட்டு மெஷின்களின் பட்டியலைக் கேட்டேன். காலியாக இருந்தது. நின்றுபோனவற்றையும் சேர்த்துக் கேட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை.

எல்லாம் போயிற்று என்றே முடிவு கட்டினேன். புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றால் டிஸ்க்கில் இடமில்லை. பழைய கோப்புகள் நான்கு அடைத்துக்கொண்டிருந்தன. மெஷினே இல்லாதபோது இவை எதற்கு என்று நான்கையும் அழித்தேன். யாரையும் கேட்கவில்லை.

பிறகுதான் பழைய பைத்தான் நிரலைத் திருத்தத் திறந்தேன். எக்ஸ்எம்எல் குறிப்பு அதற்குள் அப்படியே இருந்தது. ரேம், சிபியு வரிகளைத் தாண்டிக் கீழே வந்தேன். டிஸ்க் என்ற பகுதி. அதற்குள் ஒரு கோப்பின் பெயர். அவன் பெயரை வைத்து நானே இட்ட பெயர். சற்றுமுன் அழித்தவற்றில் அதுவும் ஒன்று.

கை அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் போனதில் போனது பட்டியல் மட்டும்தான். மெஷினுக்குள் இருந்த அத்தனையும் அந்தக் கோப்பில் பத்திரமாக இருந்திருக்கிறது. பட்டியல் காலியாக இருந்த அந்த நேரத்தில் இந்த நிரலை ஒரு தடவை ஓட்டியிருந்தால் அவனுடைய மெஷின் பழையபடி எழுந்து நின்றிருக்கும்.

போனில் சொன்னேன். "கொடிக்கால் கணக்கும் அதுலதான் இருந்துச்சா மாமா?" என்று கேட்டான். நகல் ஏதும் வைத்திருக்கிறானா என்று கேட்டேன். "உங்ககிட்டதானே இருக்குன்னு இருந்துட்டேன்" என்றான்.

செயலியை அவனால் திரும்ப எழுத முடிந்தது. கணக்கை முழுதாக மீட்க முடியவில்லை. சிலர் நோட்டை மறுபடி கொடுத்தார்கள். ஒருவர் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டிருந்தார். இருந்ததை வைத்து ப்ராஜெக்டை முடித்தான். நான் செய்த காரியத்தை அவன் வீட்டில் சொல்லவில்லை என்பது அக்கா பேசியபோது தெரிந்தது. நானே சொன்னேன்.

இப்போது என் நிரலில் டிஃபைன்எக்ஸ்எம்எல் இருக்கிறது. கரண்ட் வந்ததும் தானே கிளம்ப ஆட்டோஸ்டார்ட்டும் போட்டிருக்கிறேன். டிஸ்க் கோப்பு எதையும் அழிக்க வேண்டுமென்றால் முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, உரியவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவனுக்கும் ஒரு மெஷின் போட்டு வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவனுக்கு அது தேவைப்படவில்லை.