சாஸனத்தில் ஏறிய இட்டிலி

முப்பத்து நாலு வருஷம் கும்பகோணத்தில் உபாத்தியாயர் உத்தியோகம் பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வருவதென்றால், தாழ்வாரத்துத் தூணோரமாக நிற்பது என்று அர்த்தம். அவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்பேர்ப்பட்ட நான் 2023-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில், அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், பெற்றோர் வரிசையில் போய் உட்காரும்படி நேர்ந்தது. குழந்தைகளுக்கென்று செய்த நாற்காலி அது. என் முழங்கால்கள் இரண்டும் மோவாய்க் கட்டையை விசாரித்துக் கொண்டிருந்தன.

போன காரியம் என் பேரனைப் பற்றியது. அவனுக்கு வயது நாலு. ஆட்டிஸம் உள்ள குழந்தை.

அந்தத் தேசத்தில் இத்தகைய குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பது தர்ம கைங்கரியம் அல்ல, சட்டப்படியான கடமை. 1975 நவம்பர் 29-ல் ஜனாதிபதி போர்ட் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்னால் பத்து லட்சம் குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளிக்கூடத்தின் கதவே திறக்கவில்லை என்று சட்டத்திலேயே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு திட்டம் எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைப் பார்த்துத் திருத்த வேண்டும். 'ஐ.இ.பி.' என்று அதைச் சொல்கிறார்கள். எழுதும் சபையில் தாய் தகப்பனாரும் அங்கத்தினர்கள். குழந்தையை நன்கு அறிந்தவர் என்று அவர்கள் கருதுகிறவரையும் கூட அழைத்து வரலாம். இந்த ஷரத்தைப் பிடித்துக் கொண்டுதான் ஒரு தாத்தாவும் பாட்டியும் உள்ளே நுழைந்தோம்.

இதற்கு மூன்று மாதம் முன்பு, ஆவணியில், நாங்கள் போய் இறங்கியபோது மகள் வீட்டில் ஒரு விசித்திரமான விரதம் நடந்து கொண்டிருந்தது. பேரன் காதில் தமிழ் விழக்கூடாது! 'இரண்டு பாஷை கேட்டால் இப்படிப்பட்ட குழந்தை குழம்பிப் போகும். ஒன்றே போதும்' என்று நிபுணர் ஒருவர் சொன்னாராம். மகளும் மாப்பிள்ளையும் ஒரு வருஷமாக அதை அக்ஷரம் பிசகாமல் அனுஷ்டித்து வந்தார்கள். என் மனைவிக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'தாங்க்யூ' என்பதோடு சரி. ஆகவே எட்டாயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்த பாட்டி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு மௌன விரதம் காத்தாள். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சபை கூடியது. எதிரே ஐந்து பேர். மனோதத்துவ நிபுணர் ஒருவர், கற்றல் சங்கடங்களை ஆராய்கிறவர் ஒருவர், சமூக சேவகர் ஒருவர், வகுப்பு ஆசிரியை, பேச்சுப் பயிற்சி அளிக்கும் அம்மாள். எல்லோருக்கும் நல்ல முகம். இருபது பக்கத்துக்குக் குறையாத காகிதத்தை வைத்துக்கொண்டு படித்தார்கள். 'கிண்ணம் எங்கே?' என்றால் குழந்தை காட்டுவதில்லை. 'உட்கார்' என்றால் உட்காருவதில்லை. கரண்டி பிடித்துத் தானாகச் சாப்பிடுவதில்லை. இல்லை, இல்லை, இல்லை. படித்து முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் அபிப்பிராயம் என்ன? குழந்தை எப்படி வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டார்கள்.

மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர். காரியாலயத்தில் துரைமார்களோடு மணிக்கணக்காக வாதம் செய்கிறவர். அவர் சொன்ன பதில், "நீங்கள் அறிந்தவர்கள். நீங்கள் சொல்வதே சரி." மகளும் தலையை ஆட்டினாள். மேஜைக்கு அப்பால் ஒருவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது. இந்தப் பெற்றோருக்கு அக்கறை போதாது என்று நினைத்திருக்கலாம்.

எனக்கு மட்டும் 'சுரீர்' என்றது. அந்தத் தலையாட்டலை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். 1982-ல் ஆறாம் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக்களை இடம் மாற்றி எழுதுவான், வாசிக்கச் சொன்னால் திணறுவான். தகப்பனாரை வரவழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது, வயல் வேலைக்கு அனுப்பிவிடும்" என்றேன். அந்தக் குடியானவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா சொன்னாச் சரிங்க" என்றார். மறுநாளே பையன் நின்றுவிட்டான். பம்பு செட்டைத் தனியாகப் பிரித்துப் பூட்டுகிற கை அவனுக்கு உண்டு என்பது எனக்குத் தெரிந்தபோது, அவனுக்கு மீசை முளைத்திருந்தது. தகப்பனாருக்கு அது அன்றைக்கே தெரியும். நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. வாத்தியாரை எதிர்த்துப் பேசுவது மரியாதையல்ல என்று ஊர் முழுவதற்கும் கற்பித்தவர்களில் நானும் ஒருவன் அல்லவா? அந்தப் பாடம் மாப்பிள்ளையோடு நியூஜெர்ஸி வரையில் வந்துவிட்டது.

இப்படி நான் உருகிக்கொண்டிருக்கையில், என் மனைவி மெதுவாக மகளைப் பார்த்து, "கிண்ணம் எங்கே என்று எந்தப் பாஷையில் கேட்டார்களாம்?" என்றாள்.

மகள் மொழிபெயர்க்கத் தயங்கினாள். பேச்சுப் பயிற்சி அம்மாள் விடவில்லை. "பாட்டியார் என்ன சொல்கிறார்?" என்று இரண்டு தரம் கேட்டார். சொன்னதும், "இங்கிலீஷில்தான்" என்றார்.

"டம்ளர் எங்கே என்றால் எடுத்து வந்து கையில் கொடுக்கிறானே! உட்காரு என்றால் உட்காருகிறானே!"

குட்டு வெளிப்பட்டது. மூன்று மாதமாக, மகள் மாடி அறையில் வேலை பார்க்கும் நேரமெல்லாம், சமையலறையில் ரகசியமாகத் தமிழ் வகுப்பு நடந்திருக்கிறது! "அம்மா, நீயா?" என்றாள் மகள். கண்ணில் ஜலம் வந்துவிட்டது. கோபமோ துக்கமோ தெரியவில்லை. "எனக்கு வேறு என்ன பாஷை தெரியும்?" என்றாள் என் மனைவி.

பேச்சுப் பயிற்சி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு பாஷை கேட்பதால் ஆட்டிஸம் உள்ள குழந்தையின் பேச்சு மேலும் பின்தங்குவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை என்றும், தமிழை விடவேண்டிய அவசியமே இல்லை என்றும் சொன்னார். அந்த ஒரு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

1970-ல் காலிபோர்னியாவில் நடந்த ஒரு வழக்கைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது குழந்தைகளை இங்கிலீஷில் சோதித்து, மந்தபுத்தி என்று தனி வகுப்பில் தள்ளிவிட்டார்கள். இரு பாஷையும் அறிந்தவர் மறுபடி சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்களே அல்ல என்று ஏற்பட்டது. கூடுமான வரையில் குழந்தையின் சொந்தப் பாஷையிலேயே சோதிக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். எங்கள் விஷயத்தில் பள்ளிக்கூடத்தாரையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. 'வீட்டில் பேசும் பாஷை' என்ற இடத்தில் மகள் 'இங்கிலீஷ்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். விரத காலத்தில் அது சத்தியந்தானே!

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து மறுபடி சோதித்தார்கள். தமிழில் கேட்டவுடன் ஆட்டிஸம் பறந்துவிட்டது என்று நேயர்கள் எண்ண வேண்டாம். அது இருக்கிறது, பேச்சும் பின்தங்கித்தான் இருக்கிறது. ஆனால், 'இல்லை' என்று எழுதியிருந்த பல இடங்களில் 'உண்டு' என்று திருத்தினார்கள். பாட்டி சொல்லச் சொல்ல, இருபது தமிழ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். வகுப்பு ஆசிரியை வாயில் 'போதும்' என்பது 'போடும்' என்று வந்தது. பேரன் அதைச் சரியாகவே புரிந்துகொண்டான்.

கரண்டி விஷயத்தில் மட்டும் குற்றம் எங்களுடையது. "நாலு வயதுக் குழந்தைக்கு ஊட்டாமல் இருப்பார்களா?" என்று என் மனைவி சண்டைக்கு நின்றாள். ஆசிரியை அமைதியாக, "மத்தியானம் இங்கே ஊட்டுவதற்கு ஆள் இல்லை. அவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான்" என்றார். பாட்டி அப்புறம் வாயைத் திறக்கவில்லை. முடிவில் சமரசம் ஏற்பட்டது. கரண்டி பிறகு, முதலில் கையாலேயே எடுத்துத் தின்னட்டும். 'ஐந்து தடவையில் நாலு தடவை, பிறர் உதவியின்றி, இட்டிலித் துண்டைத் தானே எடுத்து உண்பான்' என்று அந்தச் சாஸனத்தில் ஏறியது. இட்டிலிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி நான்தான் சொன்னேன்.

2024 கார்த்திகையில் புதிய காகிதம் தயாராயிற்று. மகள் கும்பகோணத்துக்கு அனுப்பி வைத்தாள். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் என்னைத் தமிழில் சொல்லச் சொன்னாள். கடைசிப் பக்கம் வரை கேட்டுவிட்டு, "இட்டிலியைக் காணோமே?" என்றாள்.

"அதில் தேறிவிட்டானாம். இப்போது கரண்டி பிடிக்கிறானாம். அதனால் எடுத்துவிட்டார்கள்" என்றேன்.

"எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.