கடல் கடந்த வீட்டு வண்டி

ஒரு காலத்தில் பட்டர்வொர்த்தில் காரோடு ஃபெரி ஏறி, காரை விட்டு இறங்காமலேயே பினாங்கு போய்ச் சேர்ந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இன்று அந்த ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. ஆனால் நியூசிலாந்தில் வெலிங்டனிலிருந்து பிக்டனுக்கு, குக் நீரிணையைத் தாண்டும் பெரிய கப்பல்கள் லாரி, கார் எல்லாவற்றையும் சுமந்து செல்கின்றன. சுமார் 92 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரப் பயணம்.

அங்கே வேலை செய்யும் என் தம்பி, எனக்கும் அம்மாவுக்கும் ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தான். படுக்கை, அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் உள்ள வேன் அது. விளக்குக்கும் ஐஸ் பெட்டிக்கும் மின்சாரம் தர, இருக்கைக்கு அடியில் ஒரு லித்தியம் பேட்டரி. அம்மாவுக்கு இனிப்பு நீர். அவருடைய இன்சுலின் அந்த ஐஸ் பெட்டியில்தான் இருந்தது.

துறைமுகத்தில் தம்பி மெல்லச் சொன்னான்: "பேட்டரியைப் பற்றி வாய் திறக்காதேக்கா. அணைக்கச் சொன்னால் அம்மா மருந்து என்னாவது? அம்மாவும் வண்டியிலேயே படுத்து வரட்டும்."

எனக்கும் ஒரு கணம் அது சரியென்றே பட்டது. பிறகு யோசித்தேன். வீட்டு வண்டிகளில் பெரும்பாலும் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எளிதில் தீப்பிடிக்காது. ஆனாலும் அடிபட்ட பேட்டரி எதுவும் ஆபத்துதான். புகையோ நச்சு, அணைத்த பிறகும் மீண்டும் பற்றக்கூடும். 2022-இல் அசோரஸ் தீவுகளுக்கு அருகே, ஏறக்குறைய 4,000 கார்களோடு தீப்பிடித்த 'ஃபெலிசிட்டி ஏஸ்' கப்பல் கடைசியில் மூழ்கியே போனது. தொடக்கம் எதுவானாலும், வண்டித் தளத்துத் தீயை அடக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சாட்சி.

ஊழியரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பேட்டரி இறுகப் பொருத்தியிருக்கிறதா, சேதமுண்டா என்று கேட்டார். எரிவாயுத் தோம்பை மூடச் சொன்னார். பேட்டரியின் சுவிட்சையும் அணைத்தோம். எல்லாரும் மேல்தளத்துக்குப் போகவேண்டும். கப்பல் ஓடும்போது வண்டிக்குத் திரும்ப முடியாது என்றார். ஆகவே இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாமல் ஒரு பையில் வைத்துக் கையோடு கொண்டுபோனோம். இன்சுலின் உறைந்தால் பயன்படாது.

மேலே ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா, பிக்டனை நெருங்கியதும் இருபுறமும் நீரில் இறங்கி நிற்கும் பச்சை மலைகளைப் பார்த்து, "நம்ம தோட்டத்து மலை கடலுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி இருக்கு, ஐயா" என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே படுத்திருந்தால் அம்மா இதைக் கண்டிருப்பாரா?

வாசகர்களே, வண்டியோடு கப்பல் ஏறினால், பேட்டரியும் கேஸும் இருப்பதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மருந்து கையில் இருக்கட்டும். நம் வசதிக்காக நாம் மறைப்பது, நம்மோடு வரும் நூற்றுக்கணக்கானவர்களின் உயிரையும் தொடும்.